கொடைக்கானல் வாரத்தை விற்றுக் கொடுத்த மகளுக்கு

ஆத்தா,

நீ கல்யாணமாகித் திருச்சிக்குப் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. தினமும் செல்போனில் பேசுகிறாய். சாப்பிட்டீர்களா, அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது, மாடு கன்று போட்டதா என்று எல்லாம் கேட்கிறாய். நானும் பதில் சொல்கிறேன். ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாமல் ஒவ்வொரு நாளும் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிடுகிறேன். எதிரே ஆள் இல்லாமல், ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் எனக்கு அது வரும் போலிருக்கிறது. அதனால் இந்தக் கடிதம். இது உனக்கு மட்டும் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இராமநாதபுரத்தில் நீ ஐந்து வருஷம் வேலை பார்த்த அச்சகத்து முதலாளியிடம் கொடுத்து ஐம்பது பிரதி அடிக்கச் சொல்லப் போகிறேன். உப்பூர் டீக்கடையிலும், ஆர்.எஸ். மங்கலத்தில் நாம் மிளகாய் வத்தலை விற்கப் போடும் கமிஷன் கடையிலும், நம் ஊர்ப் பால் சொசைட்டியிலும் என் கையாலேயே கொடுப்பேன். ஏனென்றால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் "எம் மகளே எம் யாவாரத்தக் கெடுத்துட்டா" என்று நான் சொல்லித் திரிந்தது இந்த மூன்று இடங்களில்தான். ஊர் அறியப் பேசினதை வீட்டுக்குள் உட்கார்ந்து திருத்தினால் அது திருத்தம் ஆகாது. எனவே நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. மற்றவர்களுக்குப் புரிய வேண்டும் இல்லையா.

நீ ஒன்பதாவது படித்த வருஷம் நம் மானாவாரிக் கொல்லையில் குண்டு மிளகாய் காய்த்த காய்ப்பு உனக்கு நினைவிருக்கும். வத்தல் போட மதுரைக்குப் போனபோது, ஒரு பெட்ரோல் பங்கில் சீட்டு ஒன்று கொடுத்துப் பேரும் விலாசமும் எழுதச் சொன்னார்கள். பத்து நாளில் வீட்டுக்குக் கடிதம் வந்தது. பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ளவும், மதியச் சாப்பாடு எங்கள் செலவு என்று. உன் அம்மா அரக்குப் பட்டு கட்டிக்கொண்டாள். மதுரையில் பெரிய ஓட்டல். அவ்வளவு குளிரான அறையில் நாங்கள் அதற்கு முன்னால் உட்கார்ந்ததே இல்லை. டை கட்டிய பையன் ஒருவன் என்னை 'சார்' என்றும் உன் அம்மாவை 'மேடம்' என்றும் கூப்பிட்டு, கொடைக்கானல் படங்களைக் காட்டினான். டைம்ஷேர் என்றான். ஒரு வீட்டை ஐம்பது பேர் வாங்குவார்கள், ஆளுக்கு வருஷத்தில் ஒரு வாரம், முப்பத்து மூன்று வருஷத்துக்கு அந்த வாரம் உங்கள் சொத்து என்றான். மூன்று மணி நேரம் பேசினான். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ஏன் தெரியுமா ஆத்தா? பிரியாணியும் ஐஸ்கிரீமும் சாப்பிட்டாகிவிட்டது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யக் கூடாது என்று வளர்ந்தவன் நான். சாப்பாடு போட்டவன் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று எழுந்து வரக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தில் போட்டதுதான் அந்தக் கையெழுத்து. நீ திருச்சியில் சொந்தமாக அச்சுக் கடை வைக்கப் போகிறாய்; காகிதம் விற்பவனும் மெஷின் விற்பவனும் உனக்கும் காபி வாங்கித் தருவான். குடி, நன்றி சொல், எழுந்து வந்துவிடு. மறுநாள் யோசித்துச் சொல்கிறேன் என்பது மரியாதைக் குறைச்சல் இல்லை. இதை அறிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷத்து விளைச்சல் போனது.

எந்த வாரம் வேண்டும் என்று கேட்டான். மே மாதம் என்றால் விலை கூட, பிப்ரவரி என்றால் குறைவு என்றான். குறைவானதையே கொடு என்றேன். வருஷத்தின் ஏழாவது வாரம். பிப்ரவரி நடுவில் வரும். பஸ்ஸில் திரும்பி வரும்போது பரமக்குடி தாண்டியதும் உன் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, மாசிதான நமக்குப் பழம் எடுக்குற நேரம்?" மிளகாய்ப் பழம் செடியில் சிவந்து நிற்கிற வாரத்தை, ஆள் விட்டு எடுத்துக் களத்தில் காயப் போட்டுக் காவல் இருக்கிற வாரத்தை, மலையில் போய்ச் சும்மா உட்கார விலை கொடுத்து வாங்கியிருந்தேன். பத்து வருஷத்தில் நாங்கள் அங்கே போனது இரண்டே தடவை. இரண்டும் மழை பொய்த்துச் செடி கருகின வருஷங்கள். விளைந்தால் நேரம் இல்லை, நேரம் இருந்தால் விளைச்சல் இல்லை. ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் தடவை போனபோது உன் அம்மா காலையில் சன்னலைத் திறந்து சேலைத் தலைப்பை வெளியே நீட்டினாள். மூடுபனி. கொஞ்ச நேரம் பிடித்திருந்து உள்ளே இழுத்துத் தடவிப் பார்த்தாள், நனைந்திருந்தது. "இந்த ஈரத்துல பாதி நம்ம கொல்லைக்கு வந்தாத்தான் என்னவாம்" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனால் அந்த வாரத்தை வாங்கியது முழுக்க முட்டாள்தனம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

போனாலும் போகாவிட்டாலும் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். ஒரு நாள் விற்றுவிடுவது என்று முடிவு கட்டினேன். கம்பெனி திருப்பி வாங்காதாம். நாமே ஆள் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது: எங்கே விளம்பரம் கொடுப்பது? நிலம் என்றால் தரகரிடம் சொல்லலாம், மாடு என்றால் சந்தைக்கு ஓட்டலாம். இதற்கு எது சந்தை? நீ அப்போது அச்சகத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகையும் கடைத் திறப்பு நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்தாய். ஊருக்கே விளம்பரம் அடிக்கிற மகள் வீட்டில் இருக்கிறாள். அவளிடம் கேட்கவில்லை. அப்பன் ஏமாந்த கதைக்கு மகளிடம் போய் யோசனை கேட்பதா என்ற வீறாப்பு. மதுரைப் பேப்பரில் மூன்று வரி கொடுத்தேன். வந்த போன் எல்லாம் தரகர்கள். ஒருவர் மட்டும் நிஜமாகவே கேட்டார்: "பட்டா யார் பேர்ல இருக்கு?" பட்டா இல்லை என்றதும் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய தப்பு. இராமநாதபுரத்துக் கேபிள் டிவியில் படத்துக்குக் கீழே எழுத்து ஓட்டுகிறார்களே, அதில் ஒரு வாரம் ஓட விட்டேன். வாசகம் நானே எழுதினேன்: 'கொடைக்கானலில் சகல வசதியுடன் வீடு. குளுகுளு இடம். மலிவு விலை.' வாரம் என்ற சொல்லே அதில் இல்லை. மறந்து விட்டதில்லை ஆத்தா. அந்தச் சொல்லை எழுதி, பிறகு பேனாவால் அடித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

நாலாம் நாள் பாம்பனிலிருந்து ஒருவர் வந்தார். கருவாட்டு வியாபாரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெள்ளைச் சட்டையைப் புதிதாகத் தேய்த்துப் போட்டிருந்தார். சாயந்தரம் ஆறு மணியை நெருங்கியிருக்கும். உன் அம்மா காபி கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன்.

"எத்தனை ரூம்பு தம்பி?"

"ஒரு படுக்கை ரூம்பு, ஒரு கூடம், சின்னதா அடுப்படி."

"தண்ணி?"

"எந்நேரமும் வரும். சுடுதண்ணியே வரும்."

"எம் வீட்டுக்காரிக்கு மூச்சு இழுக்குது தம்பி. கருவாட்டு வாடையே ஆகாதுங்காரு டாக்டரு. எடத்த மாத்துங்காரு. வயசான காலத்துல ரெண்டு பேரும் மேக்க போயி இருந்துக்கிருவோம்னு நெனைக்கேன். மீன்பிடி போட்டுல எனக்கு ஒரு பங்கு இருக்கு. அதக் குடுத்துட்டா ஒங்க வெலைக்குச் சரியா வரும்."

நான் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் நீ ஆறு மணி பஸ்ஸில் இறங்கி வந்தாய். கைப்பையைக்கூடத் தோளிலிருந்து எடுக்கவில்லை. அவர் 'வீடு, வீடு' என்று பேசியது உன் காதில் விழுந்துவிட்டது. "அய்யா, இவுகளுக்கு விவரம் சொல்லிட்டீகளா?" என்றாய். நான் உன்னை முறைத்தேன். நீ என் கண்ணைப் பார்த்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி, தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாய். நின்றுகொண்டு சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. "மாமா, அது வீடு இல்ல. வருசத்துல ஏழு நாளு அங்கன போயி இருக்கலாம். எட்டாம் நாளு வேற ஆளு வந்துருவாக. வருசா வருசம் பணமும் கட்டணும். நீங்க குடியிருக்க நெனைச்சா அது ஆகாது."

அவர் என்னைப் பார்த்தார். "அப்ப மிச்ச நாளு?"

"மிச்ச நாளுக்கெல்லாம் வேற வேற சொந்தக்காரவுக இருக்காக மாமா."

மிச்சம் இருந்த காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "நாளைக்குப் பங்க எழுதிக் குடுக்குறதா இருந்தேன் தாயி" என்றார். எழுந்து உன் தலையில் கை வைத்தார். உன் அம்மாவிடம் போயிட்டு வாரேன் என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்குப் பதில் பேச வழி இருந்திருக்கும்.

அவர் தெரு முனை தாண்டியதும் நான் கத்தினேன். "நான் பொய் ஒண்ணு சொன்னேனா? கேட்டதுக்கெல்லாம் உள்ளதத்தான சொன்னேன்?" நீ சத்தம் போடாமல் சொன்னாய்: "மதுரையில அவுகளும் ஒங்ககிட்ட உள்ளதத்தானய்யா சொன்னாக. கேக்காததத்தான் சொல்லல." அந்தச் சொல் எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. அதனால்தான் மறுநாள் டீக்கடையில் போய், கையில் வந்த ஆளை மகள் விரட்டிவிட்டாள் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜம்போல் ஆகிவிட்டது. ஒரு கிழவரின் போட்டுப் பங்கை நான் விழுங்க இருந்ததைச் சொல்லவில்லை. அவர் வீட்டுக்காரிக்கு மூச்சு இழுக்கிறதைச் சொல்லவில்லை. உன்னிடம் வந்து பேசியவர்கள் 'ஏம்மா அப்பாவுக்கு எதிராப் போற' என்று புத்தி சொன்னார்கள். நீ ஒரு தடவைகூட உன் பக்கத்தைச் சொல்லவில்லை. சொன்னால் என் மானம் போகும் என்று விட்டுவிட்டாய். என் மானத்தை நீ காப்பாற்றிக்கொண்டிருந்த அதே மாதங்களில் நான் உன் பேரைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோபத்தில், உனக்குத் தெரியாமல், சென்னையிலிருந்து போன் பண்ணிய ஓர் ஏஜெண்டை நம்பினேன். டைம்ஷேரை விற்றுத் தருவதே அவன் தொழிலாம். வாங்க ஆள் ரெடியாக இருக்கிறாராம். பதிவுக் கட்டணம் மட்டும் முன்னால் அனுப்ப வேண்டுமாம். பேங்கில் டிராப்ட் எடுத்து அனுப்பினேன். அனுப்பிய பிறகு அவன் போனை எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறு ஒரு குரல், இன்னும் ஒரு கட்டணம் கட்டினால் முடிந்துவிடும் என்று வீட்டுப் போனில் பேசியது. அன்று போனை எடுத்தவள் நீ. கேட்டு முடித்து, வேண்டாம் என்று வைத்துவிட்டு என்னிடம் வந்தாய். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு பிள்ளை என்றால் நாலு கேள்வி கேட்டிருக்கும். நீ கேட்கவில்லை. "அய்யா, விக்கிறவன்கிட்டயே முன்னாடி காசு வாங்கிட்டா, அப்பறம் வாங்குறவனத் தேட அவனுக்கு என்ன அவசரம்? அவன் யாவாரம் அன்னைக்கே முடிஞ்சிருச்சு" என்றாய். பிறகு, "விளம்பரத்த எங்கிட்ட விட்டுருங்க. ஆனா ஒரு கண்டிசன். வாசகம் நாந்தான் எழுதுவேன்" என்றாய். அறுபதை நெருங்குகிற நான் மகளிடம் சரி என்று தலையாட்டினேன். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல காரியங்களில் அந்தத் தலையாட்டல் ஒன்று.

நீயும் முதலில் தடுமாறத்தான் செய்தாய். பிரவுசிங் சென்டரில் போய் இண்டர்நெட்டில் போட்டாய். ஒரு மாதம் பார்த்தாய். அதிலும் சென்னைக்காரனைப் போன்ற ஆட்கள்தான் வந்து மொய்த்தார்கள். இராமேஸ்வரத்து லாட்ஜுகளில் நோட்டீஸ் வைக்கலாம், வெளியூர் ஆட்கள் வருகிறார்களே என்று நான் சொன்னேன். நீ வேண்டாம் என்றாய். தீர்த்தமாட வந்தவர்கள் அடுத்த ரயிலைத்தான் பார்ப்பார்கள் என்றாய். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டாய்.

"ஏன்யா, கலியாணப் பத்திரிகைய ரயில்வே ஸ்டேசன்ல ஒட்டுவமா?"

"ஒட்ட மாட்டோம்."

"அங்கனதான கூட்டம் ஜாஸ்தி?"

"கூட்டம் இருந்தா? வாரவுகளுக்குத்தான் குடுப்போம்."

"நாம இத்தன நாளும் ஸ்டேசன்லதான்யா ஒட்டிக்கிட்டு இருந்தோம். டைம்ஷேர்னா என்னன்னே தெரியாதவுககிட்டச் சொன்னா, ஒண்ணு புரியாது, இல்ல தப்பாப் புரியும். இத வாங்குறவுக ஏற்கனவே அங்கன வாரவுகதான். ஆறாவது வாரக்காரவுக, எட்டாவது வாரக்காரவுக. அவுகள்ல யாருக்காவது ஏழு நாளு பத்தாம இருக்கும்."

ஆத்தா, நான் முப்பது வருஷம் வத்தல் விற்றவன். சந்தைக்குச் சரக்கைக் கொண்டுபோகத்தான் தெரியும். சரக்குக்குச் சந்தை எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்து யோசிக்கிறவளை அன்றுதான் பார்த்தேன். உரித்த வெங்காயத்தை மறுபடியும் எடுத்து நறுக்க ஆரம்பித்துவிட்டாய், ஏதோ பஸ் நேரம் சொன்னதுபோல.

அந்த வருஷம் நம் வாரம் வந்தபோது அச்சகத்தில் லீவு போட்டு உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நீ கொடைக்கானல் போனாய். நான் கொல்லையில் இருந்தேன். அங்கே நடந்ததெல்லாம் உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்; நீ உன் வாயால் சொல்லவில்லை. வரவேற்பறையில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒரு அட்டை வைக்கலாமா என்று மேனேஜரிடம் கேட்டாயாம். முடியாது என்றாராம். அவர்களே புதிதாக விற்றுக்கொண்டிருக்கும்போது உறுப்பினர் விற்பதற்கு இடம் கொடுப்பார்களா? நீ வாக்குவாதம் செய்யவில்லை. இரண்டு நாள் காலையும் மாலையும் கேட்டுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்து, வருகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்தாயாம். எதிரே ஒரு சின்ன பேக்கரி. தங்கியிருக்கும் குடும்பங்கள் எல்லாம் காலையில் ரொட்டிக்கும் பாலுக்கும் அங்கேதான் வருகின்றன. ரொட்டி அடுப்பிலிருந்து வரும்வரை பத்து நிமிஷம் சும்மா நிற்கின்றன. சும்மா நிற்கிறவர்கள்தான் சுவரில் இருப்பதைப் படிப்பார்கள் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். பேக்கரிக்கார அம்மாவின் விலைப்பட்டியல் மழையில் ஊறி எழுத்து கலைந்து கிடந்ததாம். அதை அழகாகப் புதிதாக அடித்து அனுப்புகிறேன் என்று சொல்லி, அதற்குப் பக்கத்தில் ஒரு உள்ளங்கை அகலம் இடம் கேட்டாயாம். அவர் சரி என்றாராம், அன்றே அட்டையை எழுதி ஒட்டிவிட்டாயாம். சொன்னபடி பட்டியலை ஊர் திரும்பிய வாரமே தபாலில் அனுப்பினாய். உன் அட்டை ஒரு பிரதி என் பெட்டியில் இருக்கிறது. ஊர் படிக்கட்டும் என்று அப்படியே எழுதுகிறேன்:

'எதிரே உள்ள கட்டடத்தில், இரண்டாம் மாடியில், ஏழாவது வாரம் விற்பனைக்கு. நாங்கள் மிளகாய் விவசாயிகள். எங்களுக்கு அது பழம் எடுக்கும் நேரம், அதனால் வர முடிவதில்லை. உங்களுக்குத் தெரிந்த பராமரிப்புக் கட்டணம் இதற்கும் உண்டு. குளியலறைச் சுவரில் மழைக்காலத்தில் கசிவு இருக்கிறது. சன்னல் கிழக்குப் பார்த்தது. காலையில் அம்மா அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.'

கீழே நம் வீட்டு நம்பர். முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. விற்கிறவன் யாராவது கசிவைப் பற்றி எழுதுவானா? ஆனால் கண்டிஷன் கண்டிஷன்தான் என்று வாயை மூடிக்கொண்டேன். பத்து நாளில் போன் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு தம்பதி, இருவரும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், எட்டாவது வாரக்காரர்கள். அந்த அம்மாதான் பேசினார். நான் எடுத்தேன். "ஏழு நாளுங்கறது மூட்டையப் பிரிச்சு அடுக்கறதுக்கே சரியாப் போயிருதுங்க. ரொம்ப நாளா ரெண்டு வாரம் சேந்தாப்ல இருந்தா நல்லாருக்கும்னு பேசிட்டு இருந்தோம்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "எங்க பாத்ரூம்லயும் அதே கசிவுதானுங்க. அத எழுதியிருந்ததப் பாத்துத்தான் மத்ததெல்லாம் நெசமா இருக்கும்னு போன் பண்ணினேன்" என்றார். நான் போனை உன்னிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டேன். விலை நீயே பேசினாய். பாம்பன்காரரிடம் நான் சொன்ன விலையைவிடக் குறைவு; ஆனால் அதை வாங்கும்போது எனக்கு யார் முகத்தையும் தவிர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாரமே நான் டீக்கடைக்குப் போய் 'நான் சொன்னது தப்பு' என்று சொல்லியிருக்க வேண்டும். 'வித்துருச்சு' என்று மட்டும் சொன்னேன். எப்படி விற்றது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பார், கேட்காததைச் சொல்லாமல் விடுவது எனக்கு எவ்வளவு பழகிப்போயிருக்கிறது.

கைமாற்றம் அடுத்த பிப்ரவரியில் அங்கேயே நேரில் எழுதிக்கொள்வது என்று முடிவானது. சனிக்கிழமை நாம் சாவியைக் கொடுக்கும்போது அவர்கள் வந்து இறங்குவார்கள். நான் சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் போய்விட்டு வருகிறேன் என்றேன். நீ விடவில்லை. "இது கடைசி வாரம்யா. நீங்களும் அம்மாவும் ஏழு நாளும் போய் இருங்க. கொல்லைய நான் பாத்துக்கிறேன்" என்றாய். நான் சிரித்தேன். அந்தக் கொல்லையைப் பழம் எடுக்கும் நேரத்தில் நான் என் கூடப்பிறந்த தம்பியை நம்பிக்கூட விட்டதில்லை. நீ அச்சகத்தில் ஏற்கெனவே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் பேசுகிறாய் என்பது எனக்குத் தெரியாது. உன் அம்மா ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போட்டுவிட்டாள். வேறு வழியில்லாமல் கிளம்பினேன்.

விளைச்சல் உள்ள ஒரு வருஷத்தில் நாங்கள் கொடைக்கானலில் இருந்தது அந்த ஒரு தடவைதான். முதல் இரண்டு நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையும் மாலையும் உனக்குப் போன் செய்தேன். எத்தனை ஆள் வந்தார்கள், பழத்தைக் குவித்து வைத்தாயா, மழை மேகம் உண்டா? மூன்றாம் நாள் நீ, "அய்யா, இனிமே நானே பண்றேன். நீங்க பண்ணாதீக" என்றாய். அதன் பிறகுதான் ஏரியைச் சுற்றி நடந்தோம். சோளக்கதிர் வாங்கித் தின்றோம். உன் அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவள் என்மேல் சாய்ந்ததில்லை. சனிக்கிழமை அந்தக் கோயம்புத்தூர் தம்பதி வந்தார்கள். கையெழுத்துப் போட்டோம். "உங்க பொண்ணு வரலீங்களா? அந்தப் பொண்ணப் பாக்கணும்னு இருந்தோம்" என்று அந்த அம்மா கேட்டார். "கொல்லையில நிக்கிது" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர் வந்து இறங்கினேன். வீட்டுக்குள்கூட நுழையாமல் நேரே களத்துக்குப் போனேன். நீ அங்கே அம்மாவின் பழைய சேலைத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வத்தலைப் புரட்டிக்கொண்டிருந்தாய். முகம் கறுத்துப் போயிருந்தது. இரண்டு கையும் மிளகாய்க் காந்தலில் சிவந்து வீங்கியிருந்தன. முந்தைய வாரத்து வத்தல் மூட்டைகளாகக் கட்டி அடுக்கியிருந்தது. ஒரு கைப்பிடி எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தேன்; விதை கலகலவென்று பேசியது. வெளுத்த வத்தலைத் தனியாகப் பொறுக்கி வைத்திருந்தாய். நான் கேட்டது என்ன தெரியுமா? "ராத்திரிப் பனிக்குத் தார்ப்பாய் போட்டு மூடினியா?" நீ "மூடினேன்யா" என்றாய். உன் அம்மா பின்னாலேயே வந்து, ஒன்றும் கேட்காமல் உன் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கையை மோரில் முக்கி வைத்து, சோற்றைப் பிசைந்து ஊட்டினாள் என்று பிறகு அறிந்தேன். நாலு நாளாக நீ உன் கையால் சாப்பிட முடியாமல் கரண்டியில் சாப்பிட்டிருக்கிறாய். போனில் என்னிடம் எல்லாக் கணக்கும் சொன்னாய், அதை மட்டும் சொல்லவில்லை.

நான் களத்தில் நின்று மூட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழம் எடுக்க வந்த பெண்களில் மூத்தவள், உனக்கும் தெரியும், கூலி வாங்கிக்கொண்டு கிளம்பும்போது என் அருகில் வந்து நின்றாள். "அண்ணே, ஒங்க மக ஏழு நாளும் எங்ககூட நெரையில நின்னு எடுத்துச்சுண்ணே. ஒரு தடவகூட வரப்புல ஒக்காரல. எங்களையும் ஒரு சொல்லு கடுசாப் பேசல" என்றாள்.

நான் "ம்" என்றேன். அவள் போய்விட்டாள். நீ கல்யாணமாகிக் கிளம்பின அன்றும், பஸ் ஏறுமுன் என் காலைத் தொட்டபோது, எனக்கு வந்தது அதே "ம்" மட்டும்தான். அந்த இரண்டு "ம்"முக்குள்ளும் அடங்கிக் கிடந்ததைத்தான் இத்தனை பக்கமாகப் பிரித்து எழுதியிருக்கிறேன்.

உன்னைப் பெற்றதில் பெருமைப்படுகிற,
உன் அய்யா